வினை ஈறும் வேற்றுமை உருபும்: அடுக்குமொழிக்குத் தொகுப்பி எழுதுதலில் தமிழ்த் தொடரிலக்கணத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் நிரல்மொழி அமைக்கும் முயற்சிகள் பெரும்பாலும் கட்டளைச் சொற்களைத் தமிழாக்குவதில் கருத்தூன்றியுள்ளன. தொடரமைப்பைப் பற்றிய கேள்வி பின்தங்கியே நிற்கிறது. அடுக்கை அடிப்படையாகக் கொண்ட எளிய நிரல்மொழி ஒன்று, வினையை ஈற்றில் கொள்ளும் வகையில் தமிழை ஒத்திருக்கிறது. ஆயின் அம்மொழியில் வேற்றுமை உருபு இல்லை. அத்தகைய மொழிக்கு எழுதப்படும் தொகுப்பி உருபை ஏற்குமாறு அமைந்தாலன்றி ஒப்புமை பாதியில் நின்றுவிடும் என்பதை எழில் நிரல்மொழியையும், திருவாவடுதுறை மரபில் தோன்றிய இலக்கண ஆக்கங்களையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அடுக்கு, தொகுப்பி, பொருள்கோள், வேற்றுமை, எழில்.

முன்னுரை

கணினி புரிந்துகொள்ளும் பொறிக்கட்டளைக்கும் மனிதன் எழுதும் நிரலுக்கும் இடையே நிற்பது தொகுப்பி. மாணவர் வாயில் 'கம்பைலர்' என்றே வழங்கும் இதனைப் பாடநூல்கள் 'நிரல்பெயர்ப்பி' என்றும் குறிக்கின்றன. இவ்விரு தமிழ்ச் சொற்களுள் எது தக்கது என்பது தனி விவாதம். 1952 இல் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய முதல் தொகுப்பி, முன்னரே எழுதிவைத்த துணைநிரல்களை நூலகத்திலிருந்து எடுத்துத் தொகுக்கும் வேலையையே பெரிதும் செய்தது. 'தொகுப்பி' என்னும் சொல் அந்த வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறது. இன்று தொகுப்பி செய்வதோ பெயர்த்தல். வழக்கு வென்றுவிட்டமையால் இக்கட்டுரையும் தொகுப்பி என்றே ஆள்கிறது.

ஒரு மொழியிலுள்ள தொடரை எடுத்து, அதன் சொற்கள் எவ்வெவற்றோடு இயைகின்றன எனக் கண்டு, பொருளை வேறொரு வரிசையில் வைப்பது தொகுப்பியின் பணி. தமிழ் உரையாசிரியர்களின் பணியும் இதுவே. தொல்காப்பியம் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று எனப் பொருள்கோளை நான்காக்கியது. நன்னூல் அதனை எட்டாக விரித்தது. செய்யுளில் சொற்கள் நிற்கும் வரிசை ஒன்று, பொருள் கொள்ளும் வரிசை வேறொன்று என்ற தெளிவிலிருந்தே இவ்வகைப்பாடு எழுந்தது. இன்றைய தமிழ்க் கணினியியலில் 'நிரல்', 'மொழிமாற்றி' ஆகிய சொற்கள் இப்பழம் பெயர்களை நினைவூட்டுவது தற்செயலாகவும் இருக்கலாம். பொருத்தம் மட்டும் மறுக்க முடியாதது.

இப்பொருத்தத்தை ஆராயத் திருவிடைமருதூர் வட்டாரம் ஏற்ற களம். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. ஊருக்குக் கிழக்கே, கும்பகோணம்–மயிலாடுதுறை வழியில் அமைந்தது அவ்வாதீனம். திருவிடைமருதூருக்கு உலாப் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அம்மடத்தின் வித்துவான். அவருக்கு முன்னரே அங்கு இலக்கணக் கல்வி ஆழமாக வேரூன்றியிருந்தது. 17 ஆம் நூற்றாண்டில் சுவாமிநாத தேசிகர் இலக்கணக்கொத்தை இயற்றினார். அவரிடம் பயின்ற சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்கு விருத்தியுரை கண்டார். 1785 இல் மறைந்த சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்திப் புதுக்கினார். காவிரிக் கரையில் ஒரே மடத்தைச் சூழ்ந்து மூன்று தலைமுறைக்கு மேலாகத் தொடரமைப்பைக் குறித்த சிந்தனை இடையறாது நடந்தது. அச்சிந்தனை இன்றைய தொகுப்பி எழுதுவோருக்குப் பயன்படுமா என்பதே இங்குள்ள கேள்வி.

அடுக்குமொழி இயங்கும் முறை

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கடைசியில் வைத்ததே முதலில் கைக்கு வரும். கணினியின் நினைவகத்தில் இவ்வாறு அமைந்த பகுதியே அடுக்கு. அடுக்குமொழியில் எண்ணைக் கண்டால் அது அடுக்கின்மேல் ஏற்றப்படும். வினையைக் கண்டால் அவ்வினை தனக்கு வேண்டிய எண்களை மேலிருந்து எடுத்துக்கொண்டு விடையைத் திரும்ப வைக்கும். சார்ல்ஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் இவ்வகையில் புகழ்பெற்றது; 1971 இல் அரிசோனாவின் கிட் பீக் வானலைத் தொலைநோக்கியை இயக்க அது பயன்பட்டது. அச்சுத்துறையில் பரவிய போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் அடுக்குமொழியே.

தஞ்சை மாவட்டத்தின் பழைய நெல் அளவையைக் கொண்டு இதனை விளக்கலாம். 12 மரக்கால் ஒரு கலம். 2 கலம் 6 மரக்கால் நெல் மொத்தம் எத்தனை மரக்கால் என்று அறிய, அடுக்குமொழியில் இவ்வாறு எழுதவேண்டும்:

2 12 பெருக்கு 6 கூட்டு

அடுக்கில் முதலில் 2 ஏறும். அதன்மேல் 12 ஏறும். 'பெருக்கு' இரண்டையும் எடுத்து 24 ஐ வைக்கும். அதன்மேல் 6 ஏறும். 'கூட்டு' இரண்டையும் எடுத்து 30 ஐ வைக்கும். அடைப்புக்குறி ஒன்றும் தேவைப்படவில்லை. எதை முதலில் செய்வது என்னும் முன்னுரிமை விதியும் தேவைப்படவில்லை.

இம்மொழிக்கான தொகுப்பி வியப்பூட்டும் அளவு சிறியது. இடைவெளி வரை ஒரு சொல்லைப் படிக்கிறது. அச்சொல் தன் அகராதியில் உண்டா என்று பார்க்கிறது. உண்டெனில் அதற்குரிய கட்டளையை எழுதுகிறது. இல்லையெனில் அது எண்ணா என்று பார்த்து, எண்ணாயின் அதனை அடுக்கில் ஏற்றும் கட்டளையை எழுதுகிறது. இரண்டுமல்லாவிடில் பிழை. கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் எழுதிவிடக்கூடிய நிரல் இது.

குறியீடு எண்களுக்கு நடுவே நிற்கும் '2 × 12 + 6' போன்ற எழுத்துமுறைக்குத் தொகுப்பி எழுதுவது இதைவிடக் கடினம். அங்கே தொகுப்பி, குறியீட்டைக் கண்டவுடன் செயற்பட முடியாது. வலப்புறம் வருவதைப் பார்க்கும் வரை அதனைத் தனியே நிறுத்திவைக்கவேண்டும். 1961 இல் டைக்ஸ்ட்ரா இதற்கொரு வழி வகுத்து, தொடர்வண்டிப் பெட்டிகளைக் கிளைத்தடத்தில் ஒதுக்கி வரிசை மாற்றும் இடத்தின் பெயரை அதற்கு இட்டார். அவ்வழியின் இறுதியில் கிடைப்பது '2 12 × 6 +' என்னும் வினையீற்று வடிவம். பைத்தான், ஜாவா ஆகியவற்றின் இயக்கப்பொறிகளும் உள்ளே அடுக்கையே கையாள்கின்றன. எழுதுவோர் எந்த வரிசையில் எழுதினாலும், அப்பொறிகளின் அடித்தளத்தில் வினை ஈற்றுக்கு வந்துவிடுகிறது.

ஒப்புமையின் வலிமை

மேற்காட்டிய நிரலைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் 'இரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆறைக் கூட்டு' என்றாகும். சொற்களின் வரிசை மாறவில்லை. ஆங்கிலம் பேசும் மாணவருக்கு அடுக்குமொழி தலைகீழாகத் தோன்றுவதற்குக் காரணம், அவர்தம் மொழியில் ஏவல்வினை முன்னிற்பது. தமிழ் மாணவருக்கு அத்தடை இல்லை.

இதைவிட நுட்பமான ஒற்றுமை வினையெச்சத்தில் உள்ளது. 'பெருக்கி ஆறைக் கூட்டு' என்னும்போது எதனோடு கூட்டுவது என்று தமிழ் சொல்வதில்லை. பெருக்கி வந்த தொகையோடு என்பது தானே விளங்குகிறது. பெயரிடப்படாத அந்த இடைவிடைதான் அடுக்கின் உச்சியில் இருக்கும் 24. பிற நிரல்மொழிகளில் இடைவிடைக்கு ஒரு பெயர் சூட்டி வைக்கவோ அடைப்புக்குறிக்குள் பொதியவோ வேண்டியிருக்கும். அடுக்குமொழியோ எச்சங்களைத் தொடுத்துச் செல்வதுபோல வினைகளைத் தொடுத்துச் செல்கிறது. வெட்டி, கட்டி, அடித்து, தூற்றி, அளந்து என அறுவடையைச் சொல்லும் தொடரில் ஒவ்வொரு வினையும் முந்தைய வினை விட்டுச்சென்றதையே கையிலெடுக்கிறது. கதிர், கட்டு, மணி எனப் பொருள் மாறிக்கொண்டே போவதை எவரும் பெயரிட்டுச் சொல்வதில்லை.

பொருள்கோளுள் அடுக்கோடு முற்றப் பொருந்துவது எதிர்நிரல்நிறை. 'நெல்லும் பதரும் தூற்றுவதும் சேர்ப்பதும்' என்று ஒருவர் கூறினால், தூற்றுவது பதருக்கும் சேர்ப்பது நெல்லுக்கும் செல்லும். கடைசியில் நின்ற பெயரை முதலில் வந்த வினை கொள்கிறது. அடுக்கின் விதியும் அதுவே. 30 மரக்காலை 12 ஆல் வகுக்கும்போது ஃபோர்த் மொழியின் ஈவு–மீதி வினை, முதலில் மீதியையும் அதன்மேல் ஈவையும் வைக்கிறது. அச்சிடும்போது ஈவு 2 முன்னும் மீதி 6 பின்னும் வருகின்றன. கலம் முன், மரக்கால் பின் என்னும் வழக்குக்கு அது இயல்பாகவே ஒத்துவருகிறது. யாற்றுநீர்ப் பொருள்கோளை அடுக்குமொழியின் நேர் ஓட்டத்தோடு ஒப்பிடலாம். ஏனையவற்றையும் இழுத்துப் பொருத்த முயல்வது அழகாக இருக்கும்; பயன் தராது.

எழில் நிரல்மொழி: ஒரு மதிப்பீடு

முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009 இல் ஆய்வுரை வழி அறிமுகப்படுத்திய எழில், தமிழ் நிரல்மொழிகளுள் மிகுதியும் பேசப்பட்டது. அது அடுக்குமொழியன்று. அதன் வரிமொழிமாற்றி பைத்தானில் எழுதப்பட்டது. ஆயினும் தொடரமைப்பைக் குறித்த ஒரு முடிவு அதில் உண்டு. நிபந்தனைத் தொடர் எழிலில் பின்வருமாறு அமைகிறது:

@( நெல் > 12 ) ஆனால்
பதிப்பி "ஒரு கலத்துக்கு மேல்"
முடி

நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் நிற்கின்றன. 'வரை' என்னும் சுழற்சிச் சொல்லும் இவ்வாறே நிபந்தனைக்குப் பின் வருகிறது. ஆங்கில மொழிகளில் உள்ளதுபோல 'ஆனால்' என்பதை முதலில் வைத்திருந்தால் சொல் மட்டுமே தமிழாகியிருக்கும். ஃபோர்த் மொழியிலும் நிபந்தனை முன்னும் நிபந்தனைச்சொல் பின்னும் வருவது கருதத்தக்கது. வேறு வழியில் வந்த எழில், இந்த ஓரிடத்தில் அடுக்குமொழியைச் சந்திக்கிறது. அடுக்குமொழியின் தொகுப்பி 'ஆனால்' என்பதைக் கண்டதும் 'பொய்யெனில் தாவு' என்னும் கட்டளையை எழுதி, எங்குத் தாவுவது என்பதை வெற்றிடமாக விட்டு, அவ்வெற்றிடத்தின் முகவரியைக் குறித்துவைக்கும்; 'முடி' வந்ததும் திரும்பிச் சென்று நிரப்பும். ஒன்றினுள் ஒன்றாக நிபந்தனைகள் வந்தாலும் உள்ளே திறந்ததே முதலில் மூடுமாதலின் அம்முகவரிகளுக்கும் ஓர் அடுக்கே போதும்.

எழில் தடுமாறும் இடம் மேற்கண்ட நிரலின் இரண்டாம் வரி. 'பதிப்பி' முன்னிற்கிறது. செயற்கூறு ஒன்று விடையளிக்கும் 'பின்கொடு' என்பதும் முன்னிற்கிறது. செயற்கூற்றை அழைக்கும்போது பெயர் முதலிலும் உள்ளீடுகள் அடைப்புக்குறிக்குள் பின்னும் வருகின்றன. 'போடு சோற்றை' என்பதுபோல் பேச்சில் வினை முன்வருவதுண்டு; அது வற்புறுத்தல், சினம், அவசரம் ஆகிய குறிப்புடையது. ஒரு நிரல் முழுவதும் அவ்வாறு செல்வது, தொடக்கம் முதல் முடிவு வரை அதட்டிப் பேசுவதற்கு நிகர்.

இக்குறையைக் கூட்டல் குறியோடு சேர்த்துக் கருதுவது நேர்மையாகாது. 'எண் + 1' என்று எழில் எழுதுவது பள்ளிக் கணக்கின் எழுத்துமரபு. தமிழ்வழிக் குழந்தையும் முதல் வகுப்பிலிருந்தே குறிகளை அவ்வாறுதான் எழுதுகிறது. குறி நடுவில் நிற்பது எம்மொழியின் இலக்கணமும் அன்று. சொல் வந்தவுடன்தான் மொழி வருகிறது. எனவே எழிலைக் குறைகூறுவதாயின் சொல்லால் அமைந்த கட்டளைகளிலேயே குறைகூறவேண்டும். தமிழில் எழுதிப் பழகும் மாணவருக்கு ஒரு கருவியை முழுமையாகத் தந்த பெருமை அதனால் குன்றாது.

ஒப்புமை நிற்குமிடம்

வினை ஈற்றில் நிற்பதைக் காட்டித் 'தமிழ் கணினிக்கென்றே பிறந்த மொழி' என்று சொல்லிவிடும் ஆர்வம் இங்கு எளிதில் எழும். 1985 இல் ரிக் பிரிக்ஸ் சமஸ்கிருதத்தையும் செயற்கை நுண்ணறிவில் அறிவைக் குறித்துவைக்கும் முறையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அது பின்னர் மேடைதோறும் எவ்வாறு ஊதிப் பெருக்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால் அவ்வார்வம் அடங்கும். ஜப்பானியம், துருக்கி, கொரியம் எனப் பல மொழிகளில் வினை ஈற்றில்தான் நிற்கிறது. ஜப்பானில் 1985 இலேயே ஃபோர்த் வழியில் மைண்ட் என்னும் நிரல்மொழி வெளிவந்தது.

ஒப்புமை உடையும் இடம் வேற்றுமை. அடுக்குமொழியில் '10 3 கழி' என்றால் 7. '3 10 கழி' என்றால் −7. எண்ணின் இடமே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. தமிழிலோ '10 இலிருந்து 3 ஐக் கழி', '3 ஐ 10 இலிருந்து கழி' இரண்டும் ஒன்றே. இரண்டு அமைப்பும் தமிழ்வழிக் கணக்குப் பாடத்துக்குப் பழகியவை. உருபு இருப்பதால் இடம் விடுதலை பெறுகிறது. அடுக்குமொழி தமிழின் வினையீற்றைப் பெற்றும் தமிழின் உருபைப் பெறாத மொழி. அவ்வகையில் அது ஆங்கிலத்தைப் போல இடத்தை நம்பி வாழ்கிறது.

வகுத்தலை அருகில் வைத்துப் பார்த்தால் இடர் மேலும் தெளிவாகும். '12 3 வகு' என்பது '12 ஐ 3 ஆல் வகு'. இங்கு ஐ உருபு முதல் எண்ணில் இருக்கிறது. '10 3 கழி' என்பது '10 இலிருந்து 3 ஐக் கழி'. இங்கு ஐ உருபு இரண்டாம் எண்ணில் இருக்கிறது. அடுக்குமொழி இவ்விரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட, மாணவர் மனத்திலுள்ள இலக்கணமோ ஒவ்வொரு வினைக்கும் வேறுவேறு சட்டகம் கொண்டிருக்கிறது. அடுக்கில் வரிசை பிறழ்ந்துவிட்டால் திருத்துவதற்கு ஃபோர்த்தில் மேலுள்ள இரண்டையும் இடமாற்றும் ஒரு சொல் உண்டு. மூன்றாவதை மேலே கொணர மற்றொரு சொல், இரட்டிப்பதற்கு இன்னொன்று. பழகிய நிரலாளரும் தாளில் அடுக்கை வரைந்து பார்த்துக்கொண்டே எழுதுவது இதனால்தான். இச்சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவதால் சுமை குறையாது.

இங்கேதான் இலக்கணக்கொத்து பயன்படுகிறது. அந்நூல் வேற்றுமையியல், வினையியல், ஒழிபியல் என்னும் மூன்றே பகுதிகளை உடையது. எழுத்தும் சந்தியும் முதலில் வரும் வழக்கமான அமைப்பை விட்டு, வேற்றுமையிலிருந்து தொடங்குகிறது. வடமொழி இலக்கணத்தையும் தமிழிலக்கணத்தையும் ஒன்றெனக் காணும் சுவாமிநாத தேசிகரின் சார்பு கடுமையான மறுப்புக்கு உள்ளானது. அம்மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு தொடரின் பொருளை வேற்றுமையும் வினையும் சேர்ந்தே தாங்குகின்றன என்று நூலின் அமைப்பிலேயே காட்டிய துணிவு, தொகுப்பி எழுதுவோர் கற்கத்தக்கது.

உருபேற்கும் தொகுப்பி

அடுக்குமொழித் தொகுப்பி உருபை ஏற்கவேண்டுமாயின் என்ன மாற்றம் தேவை? அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் அதன் வேற்றுமைச் சட்டகம் பதியப்படவேண்டும்: கழி என்பதற்கு நீங்கலும் செயப்படுபொருளும், வகு என்பதற்குச் செயப்படுபொருளும் கருவியும். தொகுப்பி நிரலைப் படிக்கும்போது, நிரல் ஓடுகையில் தோன்றவிருக்கும் அடுக்குக்கு இணையாக, உருபுகள் மட்டும் கொண்ட ஒரு நிழலடுக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். '3-ஐ' எனக் கண்டால் 3 ஐ ஏற்றும் கட்டளையை எழுதி, நிழலடுக்கில் 'ஐ' எனக் குறிக்கும். '10-இலிருந்து' வந்தால் அவ்வாறே. 'கழி' வந்தவுடன் நிழலடுக்கின் மேலுள்ள இரண்டையும் சட்டகத்தோடு ஒப்பிடும். வரிசை ஒத்தால் கழித்தல் கட்டளை மட்டும் எழுதப்படும். தலைகீழாயின் அதற்குமுன் ஓர் இடமாற்றுக் கட்டளை சேர்க்கப்படும். வேண்டிய உருபு இல்லையெனில் நிரல் ஓடுவதற்கு முன்பே 'கழி என்னும் வினை எதிலிருந்து என்பதை வேண்டி நிற்கிறது' என்று தொகுப்பி கூறிவிடும். இத்தகைய பிழைச்செய்தி மாணவருக்கு இலக்கணப் பாடமாகவும் அமையும்.

உருபு பெறாத இடைவிடையை என் செய்வது? வினையெச்சமே வழிகாட்டுகிறது. '2-ஐ 12-ஆல் பெருக்கி 6-ஐக் கூட்டு' என்பதில் 24 உருபின்றி நிற்கிறது. கூட்டு என்பதன் சட்டகத்தில் நிரம்பாது எஞ்சிய இடம் அதனுடையது. எஞ்சிய இடம் ஒன்றாக இருக்கும்வரை ஐயமில்லை. இரண்டு இடைவிடைகள் உருபின்றி நின்றால் மட்டும் 'அதை', 'அதிலிருந்து' எனச் சுட்டுப்பெயர் வேண்டும். அடுக்கின் உச்சியில் உள்ளதைச் சுட்டி உருபு பூட்டுவதே அச்சொல்லின் வேலை. அது பொறிக்கட்டளை எதையும் தோற்றுவிப்பதில்லை. தொகுப்பியின் நிழலடுக்கில் ஒரு குறியை மட்டும் இடுகிறது.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. டேமியன் கான்வே 2000 ஆம் ஆண்டளவில் பெர்ல் மொழியை இலத்தீனின் வேற்றுமைகளால் எழுதும் பெர்லிகாட்டாவை உருவாக்கினார். விளையாட்டாகத் தொடங்கிய அம்முயற்சியில் சொல்வரிசை கட்டற்றது. ஜப்பானில் மைண்ட் பெயருக்குப் பின்வரும் இடைச்சொற்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது ஒதுக்க, 2004 இல் வந்த நதெஷிகோ அவ்விடைச்சொற்களைக் கொண்டே எவ்வுள்ளீடு எதற்குரியது எனத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டு ஜப்பானிய மொழிகளுக்கும் இடையிலுள்ள தூரமே, மேலே சொன்ன பாதி ஒப்புமைக்கும் முழு ஒப்புமைக்கும் இடையிலுள்ள தூரம்.

தமிழில் இதனைச் செய்வோர் எழுத்திலக்கணத்தின் வாயிலாகவே உள்ளே செல்லவேண்டியிருக்கும். முதலாவது, ஒற்று. 'ஐ' உருபுக்குப் பின் வல்லினம் மிகும். '3-ஐக் கழி' என்றே எழுதவேண்டும். சொல்லை இடைவெளியால் மட்டும் பிரிக்கும் தொகுப்பி 'ஐக்' என்பதைப் புதுச்சொல்லாகக் கருதித் திகைக்கும். ஒற்று இருப்பினும் இல்லாவிடினும் ஏற்பதே தக்கது. ஒற்றுப்பிழைக்காகக் கணக்கை நிறுத்திவைக்கும் தொகுப்பி ஆசிரியருக்கு உவப்பாகலாம், மாணவருக்கு ஆகாது. இரண்டாவது, சாரியை. கலம் என்னும் பெயர் உருபேற்கும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்றுக் 'கலத்தை', 'கலத்தால்', 'கலத்திலிருந்து' என வரும். ஒவ்வொரு முறையும் பகுத்துப் பார்ப்பதைவிட, நிரலாளர் 'கலம்' எனப் பெயர் சூட்டும்போதே அதன் உருபேற்ற வடிவங்களையெல்லாம் ஆக்கி அகராதியில் சேர்த்துவிடுவது எளிது. நெல் எனப் பெயரிட்டவர் 'நெல்லை' என்று ஊரின் பெயரையும் ஒரு மாறிக்குச் சூட்ட முனைந்தால் அகராதி அப்போதே முரணைக் காட்டிவிடும். மூன்றாவது, குறியேற்றம். 'கொள்ளளவு' என்பதிலுள்ள 'கொ' ஒருங்குறியில் ஒரே உயிர்க்குறியாகவும், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் பதியப்படலாம். கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் தோன்றும் இவற்றைப் படித்தவுடன் ஒருவடிவாக்காத தொகுப்பி, எதிரே இருக்கும் பெயரையே 'அறியேன்' என்று கூறும்.

நிபந்தனைகளில் ஒரு கட்டுப்பாடு தவிர்க்க இயலாதது. 'ஆனால்' பகுதியும் 'இல்லை' பகுதியும் முடியும்போது நிழலடுக்கு இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு கிளை 'ஐ' விட்டுச்செல்ல, மற்றொரு கிளை 'ஆல்' விட்டுச்சென்றால் பின்வரும் வினை எதைக் கொள்வது எனத் தொகுப்பிக்குத் தெரியாது. ஜாவாவின் இயக்கப்பொறி, கிளைகள் கூடுமிடத்தில் அடுக்கின் வடிவம் ஒத்திருக்கவேண்டும் என விதிப்பதும் இத்தகையதே.

மரபிலக்கணத்தை அப்படியே எடுத்துப் பதிக்கவும் இயலாது. நன்னூல் ஆல், ஓடு இரண்டையும் மூன்றாம் வேற்றுமைக்குள் வைக்கிறது. கருவிப்பொருளும் உடனிகழ்ச்சியும் அதனுள் அடங்கும். '3 ஆல் வகு', '6 ஓடு கூட்டு' என்னும் இரண்டையும் 'மூன்று' என்ற ஒரே எண்ணால் நிழலடுக்கில் குறித்தால் தொகுப்பி குழம்பும். ஆகவே குறிக்கவேண்டியது வேற்றுமையின் எண் அன்று, அதன் பொருள். ஓர் உருபு வேறொன்றன் பொருளில் வரும் உருபுமயக்கமும், உருபு மறைந்து வரும் வேற்றுமைத்தொகையும் செய்யுளுக்கு வளம் சேர்ப்பவை. நிரல்மொழியில் முன்னதை விலக்கவேண்டும். பின்னதை, எஞ்சிய இடம் ஒன்றாக இருக்கும் அளவில் ஏற்கலாம்.

மதிப்பைச் சேமித்துவைக்கும் வினையில் இவ்வேறுபாடு கூர்மை பெறுகிறது. ஃபோர்த்தில் சேமிப்பு வினை மதிப்பை முன்னும் முகவரியைப் பின்னும் வேண்டும். புதியவர் அடிக்கடி இடறும் இடம் அது. தமிழில் '30-ஐ இருப்பில் வை' என்றாலும் 'இருப்பில் 30-ஐ வை' என்றாலும் பொருள் மாறாது. ஆனால் 'இருப்பில்' என்பதன் 'இல்', பழைய வழக்கில் ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் பொதுவான உருபு. நீங்கலா இடமா என்பது வடிவத்தால் விளங்காது. உரையாசிரியர்கள் அதனைப் பின்வரும் வினையைக் கொண்டே பிரித்தனர். இன்றைய வழக்கின் 'இலிருந்து' பெரும்பாலான ஐயங்களை நீக்கிவிடுகிறது. இல் என மட்டும் எழுதும் மாணவருக்காக, தொகுப்பி அக்குறியை முடிவு செய்யாமல் நிழலடுக்கில் நிறுத்திவைத்து, வை வந்தால் இடம் என்றும் கழி வந்தால் நீங்கல் என்றும் அப்போது எழுதிக்கொள்ளவேண்டும்.